புரோட்டான் ஏறிய பொருந்தா இணைகள்: டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வில் அவற்றைக் கண்டுபிடித்து உறுதிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

அடினைனுக்குத் தைமின், குவானினுக்குச் சைட்டோசின் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதனால் அடினைனுக்கு எதிரே சைட்டோசின் வந்து நின்றால், அதைப் பொருந்தா இணை, பலவீனமான இடம் என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த அடினைனில் ஒரே ஒரு புரோட்டான் ஏறினால் போதும், அதே இணை ஜி·டி வாபிள் இணையை (வழக்கமான நிலையிலிருந்து சற்றே விலகிப் பிடித்துக்கொள்ளும் குவானின்–தைமின் இணையை) ஒத்த வடிவத்தைப் பெற்று, சுருளுக்குள் உறுதியாக அமர்ந்துகொள்ளும். எனவே ஏ·சி இணை வலுவானதா, பலவீனமானதா என்று பிஎச் எவ்வளவு என்று சொல்லாமல் கேட்டால் பதில் கிடையாது. இணையின் பெயர் மட்டும் அதைச் சொல்லாது.

வரிசையில் இப்படிப்பட்ட இணையைச் சந்தேகிப்பதிலிருந்து சோதனையில் நிறுவுவது வரை போகவேண்டிய வழியை இங்கே எழுதுகிறேன். முதுநிலை மாணவர்களையும் புதிதாக ஆய்வகத்துக்கு வந்தவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது.

முதல் படி: புரோட்டான் எங்கே உட்காருகிறது என்று வரைந்து பாருங்கள்

கணினியில் பார்ப்பதற்கு முன்னால் தாளில் வரைவது நல்லது. அடினைனையும் சைட்டோசினையும் வாபிள் நிலையில் எதிரெதிரே வையுங்கள். அடினைனின் ஆறாம் இடத்து அமினோ தொகுதி தன் ஹைட்ரஜனைச் சைட்டோசினின் என்3-க்கு (மூன்றாம் இட நைட்ரஜனுக்கு) கொடுக்கிறது. இது ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு. அடுத்ததாக அடினைனின் என்1-ஐப் பாருங்கள். அதற்கு எதிரே நிற்பது சைட்டோசினின் ஓ2, அதாவது இரண்டாம் இட ஆக்சிஜன். இரண்டிலும் தனித்த எலெக்ட்ரான் இணைகள்தான் உள்ளன, இரண்டுக்கும் நடுவே ஹைட்ரஜன் இல்லை. அதனால் அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. நடுநிலை ஏ·சி இணை பலவீனமாக இருப்பதற்கு முழுக் காரணமும் இந்த ஒரே இடத்தில் இருக்கிறது.

அங்கே ஒரு புரோட்டானை வையுங்கள். என்1 ஹைட்ரஜனைக் கொடுக்கும் தொகுதியாக மாறும், ஓ2 அதை வாங்கிக்கொள்ளும். விலக்கம் இருந்த இடத்தில் இரண்டாவது ஹைட்ரஜன் பிணைப்பு உருவாகிறது, அதுவும் நேர்மின்னூட்டத்தின் உதவியோடு. இப்போது கிடைப்பது ஏ⁺·சி வாபிள் இணை. இதன் மேல் ஜி·யு வாபிள் இணையை (யு என்பது ஆர்.என்.ஏ.வில் தைமினின் இடத்தில் வரும் யுரேசில்) வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ முழுமையாகப் பொருந்தும். ஜி நிற்கும் இடத்தில் ஏ⁺ நிற்கிறது, யு நிற்கும் இடத்தில் சி நிற்கிறது. டி.என்.ஏ. படிகத்தில் இந்த வடிவத்தை ஹன்ட்டர், பிரவுன், ஆனந்த், கென்னார்டு ஆகியோர் 1986-இல் நேச்சர் இதழில் காட்டினார்கள்.

வேறு மூன்று இணைகளையும் இதே முறையில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். சைட்டோசினும் சைட்டோசினும் சேரும் சி⁺·சி இணையில் இரண்டு என்3-களுக்கு நடுவே ஒரு புரோட்டான் நிற்கும். இரு பக்கமும் அமினோ தொகுதிகள் ஓ2-க்கு ஹைட்ரஜன் கொடுப்பதால் மொத்தம் மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகள் கிடைக்கும். கெரிங், லெராய், கெரோன் ஆகியோர் 1993-இல் கண்ட ஐ-மோட்டிஃப் என்ற நான்கிழை அமைப்பு இந்த இணைகளால் ஆனது. ஏ⁺·ஜி இணையில் அடினைன் வழக்கமான ஆன்ட்டி நிலையிலேயே இருக்க, குவானின் சர்க்கரையைச் சுற்றி எதிர்ப்புறமாகத் திரும்பிய சின் நிலைக்குப் போய்த் தன் என்7, ஓ6 முனைகளை, அதாவது ஹூக்ஸ்டீன் பக்கத்தைக் காட்டும். இரட்டைச் சுருளோடு மூன்றாவது இழை சேரும் மும்மை இழையில் வரும் சி⁺·ஜி இணையில், புரோட்டான் ஏறிய சைட்டோசின் குவானினின் ஹூக்ஸ்டீன் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஐ-மோட்டிஃபில் இருக்கும் ஒரு நுட்பத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். அங்கே இரண்டு சைட்டோசின்களுக்குச் சேர்த்து ஒரு புரோட்டான்தான் வேண்டும். அமிலத்தன்மையைக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டிலும் புரோட்டான் ஏறிவிடும், அமைப்பு குலையும். ஆகவே சைட்டோசினின் சொந்த பிகேஏ-வை (பாதி மூலக்கூறுகளில் புரோட்டான் ஏறியிருக்கும் பிஎச் அளவை) ஒட்டிய பகுதியில், அதாவது 4.5 வாக்கில்தான் அதன் உறுதி உச்சத்தில் இருக்கும். அதற்கு இரு பக்கமும் சரியும். 

இரண்டாம் படி: பிகேஏ-வை இடத்தோடு சேர்த்துப் படியுங்கள்

பாடநூல் அட்டவணையில் அடினோசினின் என்1-க்கு 3.5 முதல் 3.9 வரையும், சைட்டிடினின் என்3-க்கு 4.2 வாக்கிலும் பிகேஏ கொடுத்திருப்பார்கள். பிஎச் 7-இல் இந்த எண்களை அப்படியே போட்டால் புரோட்டான் ஏறிய பங்கு மிகமிகக் குறைவாக வரும். கணக்கிடும் சூத்திரம் இது:

புரோட்டான் ஏறிய பங்கு = 1 ÷ (1 + 10^(பிஎச் − பிகேஏ))

பிகேஏ 3.8 என்றால் பிஎச் 7-இல் ஏறத்தாழ 1,600 மூலக்கூறுகளில் ஒன்றில்தான் புரோட்டான் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, செல்லுக்குள் இதெல்லாம் நடக்காது என்று முடிவுகட்டுவதுதான் வழக்கமான பிழை. அட்டவணையில் உள்ள எண் தண்ணீரில் தனியாக மிதக்கும் நியூக்ளியோசைடுக்கு உரியது. சுருளின் நடுவே, இரு பக்கமும் பாஸ்பேட்டுகளின் எதிர்மின்னூட்டம் சூழ, புரோட்டானைப் பிடித்தால் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு கூடுதலாகக் கிடைக்கும் என்ற நிலையில் உள்ள அடினைனுக்கு அந்த எண் பொருந்தாது. அங்கே பிகேஏ 6.5-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆர்.என்.ஏ.வில் அண்டை இணைகள் வலுவாக இருக்கும் சில இடங்களில் 8 வரையும் அளந்திருக்கிறார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெவிலாக்வாவின் குழு இதைப் பல ஆண்டுகளாக முறையாக அளந்துவந்திருக்கிறது.

இந்த நகர்வுக்கான ஆற்றலும் கணக்கிடக்கூடியதுதான். 25 டிகிரி செல்சியஸில் பிகேஏ ஓர் அலகு நகர்ந்தால் அது மோலுக்கு 1.36 கிலோகலோரிக்குச் சமம். 3.8 என்பது 6.8 ஆனால் 4.1 கிலோகலோரி. அவ்வளவு ஆற்றலையும் மடிந்த வடிவம்தான் தரவேண்டும். புரோட்டான் மடிப்பை வலுவாக்கும் அளவும், மடிப்பு புரோட்டானைப் பிடித்துவைக்கும் அளவும் ஒன்றே. இந்த ஒரு வாக்கியத்தை உள்வாங்கிக்கொண்டால் அடுத்து வரும் சோதனைகள் எல்லாம் தாமாகவே புரியும்.

ஆனால் நான்கு கிலோகலோரியும் பிஎச் 7-இல் கிடைத்துவிடாது. அங்கே உண்மையில் கிடைக்கும் ஆதாயத்தைப் பார்ப்போம். பிகேஏ மடிந்த நிலையில் 6.5, விரிந்த நிலையில் 3.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎச் 7-இல் ஆதாயம் 0.16 கிலோகலோரிதான். 6.5-இல் 0.41. 5.5-க்கு வந்தால் 1.4. அதாவது பிஎச் 7-இல் நான்கு மூலக்கூறுகளில் ஒன்று புரோட்டான் சுமந்தாலும் உருகுநிலையில் (இழைகள் பிரியும் வெப்பநிலையில்) அது கண்ணுக்குத் தெரியாது. உருகுநிலை மாறவில்லை என்பதை வைத்துப் புரோட்டான் இல்லை என்று எழுதக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாம் படி: வரிசையில் எந்த இடத்தைச் சந்தேகிக்க வேண்டும்

பிகேஏ-வை உயர்த்தும் சூழல்கள் தெரிந்தவைதான். இணை சுருளின் நடுப்பகுதியில் இருக்கவேண்டும். முனையில் இருந்தால் அது அடிக்கடி திறந்து மூடும், ஆதாயம் கரைந்துவிடும். இரு பக்கமும் ஜி–சி இணைகள் இருந்தால் நல்லது. உப்புச் செறிவு குறைவாக இருந்தால் பாஸ்பேட்டுகளின் எதிர்மின்னூட்டம் மறைக்கப்படாமல் புரோட்டானை இழுக்கும். வெப்பநிலை குறைந்தாலும் பிகேஏ உயரும். மக்னீசியம் எதிர்த்திசையில் வேலை செய்யும்.

என் அனுபவத்தில் மிகவும் பயன்படும் தடயம் பரிணாம ஒப்பீடு. ஓர் ஆர்.என்.ஏ.வின் ஒரே இடத்தில் சில இனங்களில் ஏ·சி இணையும், வேறு சிலவற்றில் ஜி·யு இணையும் மாறிமாறி வந்தால் அந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வடிவம் ஒன்றே என்பதால், இயற்கை அங்கே வடிவத்தைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

நான்காம் படி: தாங்கல் கரைசலில் ஏமாறாதீர்கள்

இந்தத் துறையில் வீணாகும் உழைப்பில் பெரும்பங்கு இந்தப் படியில்தான் வீணாகிறது. எல்லா ஆய்வகத்திலும் கைக்கு எட்டும் இடத்தில் டிரிஸ் என்ற தாங்கல் (பிஎச்சை நிலையாகப் பிடித்துவைக்கும் கரைசல்) இருக்கும். அதன் பிகேஏ ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.028 குறையும். 25 டிகிரியில் பிஎச் 7.5 என்று சரிசெய்த கரைசல் 75 டிகிரியில் 6.1 வாக்கில் நிற்கும். பிஎச்சைச் சார்ந்த உருகுநிலையை அளக்கப் போய், அளக்கும்போதே பிஎச்சை மாற்றிக்கொண்டிருப்போம். இந்தச் சோதனைக்கு டிரிஸ் வேண்டாம்.

பாஸ்பேட்டும் கேகோடைலேட்டும் வெப்பத்தால் மிகக் குறைவாகவே நகரும். கேகோடைலேட்டில் ஆர்சனிக் இருப்பதால் கையுறை, கழிவு விதிகள் எல்லாவற்றையும் சரியாகப் பின்பற்றுங்கள். பிஎச் 5.5 முதல் 6.7 வரைக்கு எம்இஎஸ், 6.8-ஐ ஒட்டிப் பைப்ஸ், அதற்கு மேல் ஹெப்பீஸ் என்று அடுக்கிக்கொள்ளலாம். தாங்கல் மாறும்போது சோடியம் செறிவும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாங்கல் மாறும் எல்லையில் ஒரே பிஎச்சை இரண்டு தாங்கல்களிலும் அளந்து, ஒரே விடை வருகிறதா என்று சரிபாருங்கள்.

மாதிரியின் உடல்நலமும் முக்கியம். டி.என்.ஏ.வை அமிலத்தில் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் பியூரின்கள் முதுகெலும்பிலிருந்து கழன்று விழும். பிஎச் 5-க்குக் கீழே போகும்போது ஒவ்வொரு மாதிரியையும் ஒரே முறை உருக்கிவிட்டுப் புது மாதிரி எடுங்கள். ஆர்.என்.ஏ. இதற்கு நேர்மாறு. லேசான அமிலம் அதற்கு ஒத்துவரும், காரத்திலும் மக்னீசியத்தோடு சேர்ந்த வெப்பத்திலும்தான் சிதையும்.

ஐந்தாம் படி: உருகுநிலையை அளந்து ஒப்பிடுங்கள்

நான்கு இழைத் தொகுப்புகளாவது வேண்டும். முதலாவது சந்தேகத்துக்குரிய ஏ·சி. இரண்டாவது அதே இடத்தில் ஏ–யு (டி.என்.ஏ. என்றால் ஏ–டி) உள்ள முழுப் பொருத்தம். மூன்றாவது ஜி·யு அல்லது ஜி·டி வாபிள், இது வடிவ ஒப்பீட்டுக்காக. நான்காவது, புரோட்டானை ஏற்கவே முடியாத மாற்று. என்1 இருக்கவேண்டிய இடத்தில் கார்பன் வைத்த 1-டீஅசாஅடினோசின் இதற்குச் சரியானது. இந்த நான்காவதைச் செலவு கருதிப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத முடிவை என்னால் முழுமையாக நம்பமுடிவதில்லை. ஏனென்றால் அமிலத்தில் வேறு ஏதாவது ஒரு தொகுதியில் புரோட்டான் ஏறியிருக்கலாம் என்ற கேள்விக்கு அது ஒன்றுதான் நேரடியான பதில்.

பிஎச் 5.5-லிருந்து 8 வரை அரை அலகு இடைவெளியில் அளவிடுங்கள். 260 நானோமீட்டரோடு 280-ஐயும் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள், புரோட்டான் ஏறிய சைட்டோசின் 280-இல் கூடுதலாக ஒளியை உறிஞ்சும். உண்மையான ஏ⁺·சி என்றால் வரைபடம் இப்படி இருக்கும்: உயர்ந்த பிஎச்சில் ஏ·சி-யின் உருகுநிலை தட்டையாக, தாழ்வாக இருக்கும். மடிந்த நிலையின் பிகேஏ-வை நெருங்கும்போது ஏறத் தொடங்கும். அதன் பிறகு மடிப்பு மாறிலியின் மடக்கை, பிஎச் ஓர் அலகு குறைய ஓர் அலகு கூடும். சரிவு இரண்டை நோக்கிப் போனால் இரண்டு புரோட்டான்கள் ஏறுகின்றன என்று பொருள். இதே பகுதியில் ஏ–யு தொகுப்பின் கோடு அசையாமல் இருக்கவேண்டும். அது பிஎச் 5-ஐ ஒட்டிச் சரியத் தொடங்குவது இயல்புதான், விரிந்த இழையின் சைட்டோசின்களில் புரோட்டான் ஏறத் தொடங்கியிருக்கும்.

ஏ⁺·ஜி இணையைச் சந்தேகித்தால் எதிர்ப்பக்கக் குவானினுக்குப் பதிலாக 7-டீஅசாகுவானினையும் வைத்துப் பாருங்கள். என்7 இல்லாதபோது உறுதி விழுந்தால், குவானின் ஹூக்ஸ்டீன் பக்கத்தால்தான் பிடித்துக்கொண்டிருந்தது என்பதற்கு அது வலுவான சான்று.

ஐ-மோட்டிஃபுக்கு வட்ட இருநிறமாற்ற நிறமாலை எளிய சோதனை. 285–288 நானோமீட்டரில் நேர்முகடும், 260–265-இல் எதிர்ப்பள்ளமும் சேர்ந்து வரும்.

ஆறாம் படி: எந்த அணு என்று என்எம்ஆரில் காட்டுங்கள்

உருகுநிலை, ஒரு புரோட்டான் உள்ளே வருகிறது என்று மட்டுமே சொல்லும். அது எந்த அணுவில் ஏறியது என்று சொல்ல என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை) வேண்டும். என்1-இல் உள்ள புரோட்டானை நேரடியாகப் பார்க்கலாம் என்று நினைத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அது தண்ணீரோடு வேகமாகப் பரிமாறிக்கொள்வதால் சைகை மறைந்துவிடும். பக்கத்து அணுவைக் கேட்பதுதான் வழி. அடினைனின் சி2 கார்பன் என்1-ஐ ஒட்டியே இருக்கிறது. என்1-இல் புரோட்டான் ஏறினால் சி2-இன் கார்பன்-13 சைகை ஏறத்தாழ 8 பிபிஎம் மேற்புலத்துக்கு நகரும். கார்பனுக்கு இது பெரிய நகர்வு, அண்டைச் சூழல் மாற்றத்தால் வரும் சிறு நகர்வுகளோடு இதைக் குழப்பிக்கொள்ளவே முடியாது. நைட்ரஜன்-15 குறியிட்ட மாதிரி இருந்தால் என்1-இன் நகர்வு இன்னும் பெரிது, 70 பிபிஎம் அளவுக்குப் போகும்.

லெகோவும் பார்டியும் 1994-இல் ஈயத்தைச் சார்ந்து இயங்கும் ரைபோசைமில் (நொதிபோல வினைபுரியும் ஆர்.என்.ஏ.வில்) இந்த முறையைத்தான் கையாண்டார்கள். அந்தச் சிறிய ஆர்.என்.ஏ.வில் அடினைன்கள் பல உள்ளன. பிஎச்சைப் படிப்படியாக மாற்றியபோது ஏ25 ஒன்றின் சி2 மட்டும் மற்றவற்றை விட்டு விலகி நகர்ந்தது. அந்த வளைகோட்டிலிருந்து பிகேஏ 6.5 என்று கிடைத்தது. மற்ற அடினைன்கள் அசையாமல் நின்றதுதான் அந்த முடிவுக்குக் கனம் சேர்க்கிறது. உங்கள் படத்திலும் அசையாத சைகைகளைச் சேர்த்தே காட்டுங்கள்.

புரோட்டான் ஏறுவதும் இறங்குவதும் வேகமாக நடப்பதால் இரண்டு சைகைகளுக்குப் பதிலாக, சராசரியாக்கப்பட்ட ஒரே சைகை பிஎச்சோடு சேர்ந்து நகர்வதைப் பார்ப்பீர்கள். இடையில் சைகை அகன்று மறைந்தால் பயப்படவேண்டாம், வடிவ மாற்றமும் கூடவே நடக்கிறது என்பதற்கான அறிகுறி அது. கனநீரில் அளந்தால் கண்ணாடி மின்முனை காட்டும் எண்ணோடு 0.4 கூட்டினால்தான் உண்மையான பிடி (pD, அதாவது கனநீரில் பிஎச்சுக்கு இணையான அளவு) கிடைக்கும். கனநீரில் பிகேஏ-வும் ஏறத்தாழ அதே அளவு உயர்வதால், திருத்தம் செய்தீர்களா இல்லையா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். சி⁺·சி இணை இதில் எளிது. ஐ-மோட்டிஃபுக்குள் பாதுகாக்கப்பட்ட இமினோ புரோட்டான் 15–16 பிபிஎம் பகுதியில் தனியாக வந்து நிற்கும்.

ஏழாம் படி: உயிரியல் பொருளை நிதானமாகச் சொல்லுங்கள்

பிகேஏ 6.5 என்று அளந்ததும், செல்லின் பிஎச் 7.2 ஆயிற்றே, இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 7.2-இல் அந்த இணையில் ஆறில் ஒரு பங்கு புரோட்டானோடு இருக்கும். வினைக்கு அது தாராளமாகப் போதும். ஹெப்படைட்டிஸ் டெல்டா வைரஸின் ரைபோசைமில் சி75 புரோட்டானைச் சுமந்து, அதை வினையின்போது கொடுத்து வெட்டுக்கு உதவுகிறது. அதன் பிகேஏ 6-ஐ ஒட்டியதுதான். புரோட்டான் முழுமையாக ஏறி, இறங்காமலேயே இருந்துவிட்டால் அதனால் வினையூக்கியாக வேலை செய்யவே முடியாது.

என்னை மிகவும் ஈர்த்த எடுத்துக்காட்டு ஸ்பிளைசிங்கில் (ஆர்.என்.ஏ.வின் வேண்டாத பகுதிகளை வெட்டி மீதியை ஒட்டும் வேலையில்) பங்கேற்கும் யு6 ஆர்.என்.ஏ. ஈஸ்ட்டின் யு6-இல் உள்மடிப்புத் தண்டில் சி67-க்கு எதிரே ஏ79 நிற்கிறது. விஸ்கான்சினில் புட்ச்சரின் குழு 2002-இல் அதை என்எம்ஆரில் ஆராய்ந்தபோது பிகேஏ 6.5-ஐ ஒட்டி இருந்தது. அதற்கு அடுத்த யு80-இன் பாஸ்பேட்டில்தான் ஸ்பிளைசிங்குக்குத் தேவையான மக்னீசியம் உட்காருகிறது. ஏ79-இல் புரோட்டான் ஏறினால் மக்னீசியப் பிடிப்பு தளர்கிறது, மக்னீசியம் வந்தால் புரோட்டான் விலகுகிறது. இங்கே பொருந்தா இணையைக் குறை என்று சொல்லவே முடியாது, அது உலோகத்தோடு பேரம் பேசும் இடமாக இருக்கிறது.

மைக்ரோஆர்.என்.ஏ.-21-இன் முன்னோடி மூலக்கூறில் வேறொரு விதம். அங்கே புரோட்டான் ஏறிய அடினைன் கொண்ட வடிவம் சிறுபான்மையாகத் தோன்றி மறைகிறது. டைசர் நொதி அந்த வடிவத்தைத்தான் திறமையாக வெட்டுகிறது என்று 2021-இல் காட்டப்பட்டது. சராசரி அமைப்பை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

டி.என்.ஏ. நகலெடுப்பைப் பற்றி எழுதும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஏ·சி இணை, வழக்கமான ஏ–டி, ஜி–சி இணைகளின் வாட்சன்–கிரிக் வடிவத்தையே நடிக்க இன்னொரு வழியும் உண்டு: ஹைட்ரஜன் இடம்மாறிய அரிய டாட்டோமர். வாங், ஹெலிங்கா, பீஸ் ஆகியோர் 2011-இல் பாலிமரேசின் வினைமையத்தில் ஏ·சி அப்படி வாட்சன்–கிரிக் வடிவில் இருப்பதைப் படிகத்தில் பார்த்தார்கள். அதற்கு வெளியிலிருந்து புரோட்டான் தேவையில்லை. உங்கள் முடிவு வாபிள் வடிவத்தைக் காட்டுகிறதா, வாட்சன்–கிரிக் வடிவத்தைக் காட்டுகிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வாபிள் என்றால் புரோட்டான், வாட்சன்–கிரிக் என்றால் டாட்டோமர் என்பது நல்ல தொடக்கக் கருதுகோள்.

ஐ-மோட்டிஃப் மனித செல்லில் இருக்கிறதா என்ற நெடுங்காலக் கேள்விக்கு 2018-இல் சிட்னியின் கார்வன் நிறுவனத்தினர் எதிர்பொருளைக் கொண்டு ஆதாரம் தந்தார்கள். ஆர்.என்.ஏ.வில் ஐ-மோட்டிஃப் டி.என்.ஏ.வில் உள்ள அளவு உறுதியாக இருக்காது, 2-ஆம் இட ஹைட்ராக்சில் தொகுதிகள் குறுகிய பள்ளத்தில் நெருக்கியடிக்கும்.

எட்டாம் படி: அன்றாட வேலையில் இதை எங்கே கவனிப்பது

மரபணு மாறுபாட்டைக் கண்டறியும் குறுந்துணுக்குகளை வடிவமைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. ஒரே எழுத்து வேறுபாட்டைப் பிரித்தறிய, தவறான இலக்கோடு சேரும்போது உண்டாகும் பொருந்தா இணை பலவீனமாக இருக்கவேண்டும். அந்த இணை ஏ·சி-யாக இருந்து, கரைசலும் லேசான அமிலமாக இருந்தால் வேறுபாடு மங்கிவிடும். வாய்ப்பிருந்தால் எதிர் இழையைக் குறிவையுங்கள், அங்கே அதே மாறுபாடு ஜி·டி-யாகத் தோன்றும். அது பிஎச்சுக்கு இவ்வளவு ஆடாது, ஆனால் தன்னளவிலேயே ஓரளவு உறுதியானது. ஆகவே இரண்டையும் அளந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஏ·சி-யையே வைத்துக்கொள்வதென்றால் பிஎச்சை 8-ஐ ஒட்டி, உப்பைச் சற்று அதிகமாக வையுங்கள்.

மும்மை இழையை உருவாக்கும் துணுக்குகளில் தேவை இதற்கு எதிரானது, அங்கே சி⁺ நிலைக்கவேண்டும். சைட்டோசினுக்குப் பதில் 5-மெத்தில்சைட்டோசின் வைத்தால் நடுநிலையை நெருங்கிய பிஎச்சிலும் இழை பிடித்து நிற்கும்.

முடிவுகளை எழுதும்போது பிகேஏ எண்ணுக்குப் பக்கத்திலேயே வெப்பநிலை, சோடியம் செறிவு, மக்னீசியம் செறிவு, தாங்கலின் பெயர், அண்டை இணைகள் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் வேறோர் ஆய்வகத்தால் உங்கள் எண்ணைத் தங்கள் எண்ணோடு ஒப்பிட முடியாது.